தொட்டால் பிள்ளை தங்குமா?



சம்பளம், போனஸ், ஒழுகும் கூரை, வராத தண்ணீர் என்று இந்தப் பக்கத்தில் நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். இன்று பேசப் போவது, லயத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டுகூட யாரும் பேசாத விஷயம். "இதையெல்லாம் பேப்பரில் எழுதலாமா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். வாயை மூடிக்கொண்டதால் மானம் காப்பாற்றப்பட்ட குடும்பம் எதையும் நாம் பார்த்ததில்லை. மூடிக்கொண்டதால் கண்ணீர் விட்ட குடும்பங்களைத்தான் பார்த்திருக்கிறோம்.

தோட்டங்களில் மாதர் கூட்டம் நடத்தும்போது மேசை மேல் ஒரு பிஸ்கட் டின் வைப்பது நம் வழக்கம். பெயர் போடாமல் சீட்டு எழுதி யாரும் அதில் போடலாம். சம்பளக் கேள்வி வரும், சொக்சோ கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் அடியில், நாலாக மடித்த சின்னச் சீட்டு ஒன்று கிடக்கும். "நாங்க அந்த அளவுக்குப் போகல. வெளியிலதான் எல்லாம். இந்த மாசம் இன்னும் தூரம் வரல. புள்ள தங்கியிருக்குமா?" கையெழுத்து தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், கேள்வி மாறாது. சில சமயம் அது பெண்பிள்ளை எழுத்து, சில சமயம் தம்பிமார் எழுத்து, சில சமயம் பிள்ளை பெற்ற தாயின் எழுத்து.

அந்தச் சீட்டுக்குத்தான் இன்று பதில்.

காய் பிடிக்கும் கணக்கு

செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1981-ல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த சிறு வண்டுகளை நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன்னே பல தோட்டங்களில் மகரந்தத் தூளைப் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் ஊதிவிடுவது ஒரு தனி வேலை. பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தூள் மட்டையில் விழுந்தால் காய் பிடிக்காது. இலையில் விழுந்தாலும் பிடிக்காது. பெண் பூவில் படவேண்டும். அதுவும் பூ விரிந்து பக்குவமாக இருக்கும் இரண்டு மூன்று நாளுக்குள் படவேண்டும்.

மனித உடம்பிலும் கணக்கு இதுதான். ஆணின் விந்தில் இருக்கும் விந்தணு, பெண்ணுறுப்பின் வழியாக உள்ளே போய், கருப்பையைத் தாண்டி, கருக்குழாயில் இருக்கும் கருமுட்டையைச் சேரவேண்டும். அப்போதுதான் கரு. வேறு வழியே கிடையாது. வாய் வழியாகப் போகாது. தோல் வழியாக ஊறாது. துணியைத் துளைத்துக்கொண்டும் போகாது.

கருமுட்டை மாதத்தில் ஒரு முறை, பெரும்பாலும் அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாளுக்கு முன்னே வெளிவருகிறது. அது ஒரு நாள்தான் தாக்குப் பிடிக்கும். ஆனால் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கும். அமெரிக்காவில் 221 பெண்களைக் கொண்டு நடத்தி 1995-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முட்டை வெளிவந்த நாளையும் அதற்கு முந்தைய 5 நாளையும் சேர்த்து அந்த 6 நாளில்தான் கரு உண்டானது என்று கண்டார்கள். 'அப்படியானால் நாள் பார்த்து நடந்தால் போதுமே' என்று நினைத்துவிடாதீர்கள். முட்டை எந்த நாளில் வரும் என்று காலண்டர் சொல்லாது. ஒரு காய்ச்சல், ஒரு கவலை போதும், அது முன்னே பின்னே தள்ளிப்போக.

எதனால் தங்காது?

முத்தம், கட்டிப்பிடித்தல், கையைப் பிடித்தல், மடியில் உட்காருதல் ஆகியவற்றால் பிள்ளை தங்காது. இருவரும் உடை உடுத்தியபடி நெருங்கி இருந்தாலும் தங்காது. வாயால் செய்யும் எதனாலும் தங்காது. ஆண் உட்கார்ந்த கக்கூசில் பெண் உட்கார்ந்தால், அவன் துடைத்த துண்டில் இவள் துடைத்தால், ஒரே ஆற்றில் குளித்தால், ஒரே வாளியில் துணி துவைத்தால் எதுவும் ஆகாது.

காரணம் தெரிந்துகொள்ளுங்கள். விந்தணு ஈரத்தில்தான் உயிர் வாழும். வெளிக்காற்றுப் பட்டுக் காய்ந்தால் முடிந்தது. பால்மரம் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், கோப்பையில் உறைந்து ஒட்டுப்பால் ஆனது மறுபடி பாலாக ஓடாது. துணியில், பாயில், தொடையில் காய்ந்துபோன விந்தும் அப்படித்தான். தண்ணீர் ஊற்றினாலும் உயிர் வராது.

எதனால் தங்கலாம்?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 'உள்ளே போகவில்லையே' என்ற ஒரே வார்த்தையை நம்பி இருந்துவிடுகிறார்கள்.

ஈரமான விந்து பெண்ணுறுப்பின் வாயிலில் பட்டால் கரு தங்க வாய்ப்பு உண்டு. முழு உறவைவிட அது மிகவும் குறைவு. ஆனால் பூஜ்யம் இல்லை. உடையில்லாமல் உறுப்போடு உறுப்பு உரசும்போது வாயிலருகே விந்து வெளிவந்தால், ஈரம் காயாத விரல் உடனே உள்ளே போனால், இந்த வாய்ப்பு இருக்கிறது. பின்வழி உறவில் கரு உண்டாகாது என்றாலும், வெளியே வழிந்த விந்து முன்பக்கம் சேர இடமுண்டு.

"கன்னிச்சவ்வு கிழியல, அதனால பயமில்ல" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சவ்வு பூட்டிய கதவு அல்ல. மாதா மாதம் தீட்டு இரத்தம் எந்த வழியாக வெளியே வருகிறதோ, அதே வழியாக விந்தணு உள்ளே போகும். சவ்வு கிழியாமலே கர்ப்பமான பெண்களை மருத்துவர்கள் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே தாய்மார்களே, அப்படி ஒரு பெண் "நான் தப்பான இடத்துக்குப் போகல" என்று அழுதால், பொய் சொல்கிறாள் என்று அடித்துவிடாதீர்கள். அவள் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம்.

"முடியறதுக்கு முன்னாடியே எடுத்துடுவேன்" என்பது தம்பிமார் சொல்லும் சமாதானம். விந்து வருமுன் கொஞ்சம் வழுவழுப்பான நீர் கசியும். அதை ஆண் தடுக்க முடியாது, கசிவது பல நேரம் தெரியவும் தெரியாது. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 27 ஆண்களின் அந்த நீரைச் சோதித்தார்கள். 11 பேருடைய நீரில் விந்தணு இருந்தது. அவர்களில் 10 பேருடையது உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது. 'வெளியே எடுக்கும்' முறையையே நம்பி வாழும் தம்பதிகள் 100 பேரில் ஒரு வருடத்துக்குள் சுமார் 20 பேர் கர்ப்பமாகிறார்கள் என்பது மருத்துவக் கணக்கு. ஒரு தடவைகூடத் தவறாமல் செய்தால்கூட 4 பேர்.

இரண்டு வீட்டுக் கதை

இந்த அறியாமை இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. பெயரும் ஊரும் இல்லாமல் இரண்டு வீட்டுக் கதையைச் சொல்கிறோம்.

முதல் வீட்டில் 22 வயதுப் பெண். பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. கோயிலில் தாலி கட்ட இன்னும் ஆறு மாதம். சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி, ஆனால் ஊர் கண்ணுக்கு இன்னும் இல்லை. இந்த இடைக்காலம் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு இக்கட்டான காலம் என்று உங்களுக்கே தெரியும். ஒரு நாள் இருவரும் நெருங்கி இருந்தார்கள். உடை களையவில்லை. அவன் காற்சட்டைக்குள்ளேயே விந்து வெளியாகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்த மாதம் அவளுக்குத் தூரம் 12 நாள் தள்ளிப்போனது. பெண் நடுங்கிப்போனாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்னாசிப்பழம், எள், பப்பாளிக்காய் என்று கேள்விப்பட்டதையெல்லாம் தின்றாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. கடைசியில் வெட்டுக்குப் போன இடத்தில் நிரைக்குள்ளேயே மயங்கி விழுந்தாள். கிளினிக்கில் மிஸ்ஸி சோதித்துப் பார்த்தால் கர்ப்பமே இல்லை! கவலையும் பட்டினியும்தான் தூரத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறது. ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இதுதான்.

இரண்டாவது வீட்டில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கைக்குழந்தை இருப்பதால் அடுத்த பிள்ளை இப்போது வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்தார்கள். முழு உறவு வைத்துக்கொள்ளவில்லை. "வாசலோட நின்னுட்டோம், அப்புறம் என்ன பயம்?" என்றிருந்தார் கணவர். மனைவிக்கு மருந்தடிப்பு வேலை. தலைசுற்றல் வந்தது, குமட்டல் வந்தது. களைக்கொல்லி வாடையால்தான் என்று நினைத்துக்கொண்டே முதுகில் தோம்பு சுமந்தார். டாக்டரிடம் போனபோது நாலாம் மாதம். குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் நாலு மாதம் அந்தத் தாய் வயிற்றில் பிள்ளையோடு மருந்து அடித்திருக்கிறார். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் மருந்தடிக்கவே கூடாது. முதல் மாதமே தெரிந்திருந்தால், அன்றைக்கே தண்டலிடம் சொல்லி வேலையை மாற்றியிருக்கலாம்.

முதல் பெண்ணுக்கு இல்லாத ஆபத்தைக் கண்டு பயம். இரண்டாவது பெண்ணுக்கு இருந்த ஆபத்து தெரியவில்லை. இரண்டு பேரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஈரமான விந்து வாயிலில் பட்டதா, இல்லையா? இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். பட்டது என்றாலோ, சந்தேகம் என்றாலோ அழுதுகொண்டு உட்காராதீர்கள். நாளைக் கணக்குப் பாருங்கள்.

மூன்று நாள், ஐந்து நாள், மூன்று வாரம்

முதல் 3 நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், அவசரக் கருத்தடை மாத்திரை உண்டு. பார்மசியில் மருந்தாளரிடம் கேளுங்கள், அல்லது டாக்டரிடம் போங்கள். எவ்வளவு சீக்கிரம் விழுங்குகிறோமோ அவ்வளவு பலன். இது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் மாத்திரை. ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. விழுங்கிய 2, 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி போய்க் கேட்க வேண்டும். இந்த மாத்திரையால் அடுத்த தூரம் சில நாள் முன்னே பின்னே வரலாம், பயப்படாதீர்கள். தினம் தினம் நம்பி வாழ வேண்டிய மாத்திரையும் இதுவல்ல.

5 நாளுக்குள் என்றால் டாக்டர் செம்பு லூப் வைக்கலாம். 5 நாள் வரை வேலை செய்யும் வேறொரு மாத்திரையும் உண்டு. எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்வார்.

அதுவும் தாண்டிவிட்டால் காத்திருந்து சோதிக்க வேண்டும். மறுநாளே சிறுநீரைச் சோதித்து 'இல்லை' என்று கண்டு சந்தோஷப்படுவதில் பயனில்லை. தூரம் வரவேண்டிய நாள் தாண்டியபின் சோதியுங்கள். தூரம் ஒழுங்காக வராதவர்கள் சம்பவம் நடந்து 3 வாரம், அதாவது 21 நாள் கழித்துச் சோதியுங்கள். காலையில் எழுந்ததும் விடும் முதல் சிறுநீர் நல்லது. சோதனைக் குச்சி பார்மசியில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணம்தான். சோதனையில் 'ஆம்' என்று வந்து, அடிவயிற்றில் கடுமையான வலியோ இரத்தப்போக்கோ இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கரு குழாயிலேயே தங்கியிருக்கலாம், அது உயிருக்கு ஆபத்து.

உடனே கழுவிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வெளியே கழுவுவது சுத்தம், அது நல்லதுதான். ஆனால் உள்ளே போய்விட்ட விந்தணுவைத் தண்ணீர் துரத்திப் பிடிக்காது. சோப்பு, டெட்டால், எலுமிச்சை என்று உள்ளே ஊற்றினால் புண்தான் மிச்சம்.

நாட்டு மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். எள்ளும் கருப்பட்டியும் அன்னாசியும் சாப்பாடு, கருத்தடை அல்ல. கண்ட கசாயத்தையும், யாரோ போனில் விற்கும் பெயர் தெரியாத மாத்திரையையும் வாயில் போடாதீர்கள்.

தூரம் தள்ளிப்போனாலே தலை முழுகாமல் இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கவலை, இளைப்பு, அதிக உடலுழைப்பு, தைராய்டு, சினைப்பைக் கோளாறு என்று காரணம் பல. வயதுக்கு வந்து முதல் சில வருடம் பல பிள்ளைகளுக்கு ஒழுங்காகவே வராது.

இன்னொன்றும் உண்டு. கரு தங்காத நெருக்கத்திலும் நோய் ஒட்டலாம். தோலோடு தோல் உரசினாலே அக்கியும், சிபிலிசும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமியும் தொற்றும். எச்.பி.வி. தடுப்பூசி நம் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 2010-ல் தொடங்கியது. பள்ளியிலிருந்து பாரம் வந்தால் "ஊசி வேண்டாம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஆணுறை இரண்டு காவலையும் சேர்த்துத் தருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலை போய்விடும் என்று பயந்து கர்ப்பத்தை மறைக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். மறைக்க வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கர்ப்பம் என்பதற்காக ஒரு பெண்ணை வேலை நீக்கம் செய்வதையும் அதே சட்டத் திருத்தம் தடுக்கிறது. நிர்வாகம் மிரட்டினால் சங்கக் கிளைச் செயலாளரிடம் உடனே சொல்லுங்கள்.

கருக்கலைப்பு முழுக்க முழுக்கக் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். குற்றவியல் சட்டம் 312-வது பிரிவில் 1989-ல் ஒரு திருத்தம் வந்தது. கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ உடல் நலத்துக்கோ மன நலத்துக்கோ கூடுதல் ஆபத்து என்று பதிவு பெற்ற டாக்டர் நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் அதைச் செய்யலாம். டாக்டர் மட்டும்தான் செய்யலாம். பின்கதவு வைத்தியரை நம்பி உயிரை விடாதீர்கள்.

16 வயது நிரம்பாத பெண்பிள்ளையோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்தாள் என்றாலும், சட்டப்படி பலாத்காரம். வயது குறைந்த பிள்ளை இந்தக் கேள்வியோடு வந்து நின்றால், "யாரோட போன?" என்று கத்தாதீர்கள். "யாராவது ஒன்ன வற்புறுத்தினாங்களா, கண்ணு?" என்று மெதுவாகக் கேளுங்கள். தொட்டவன் சொந்தக்காரனாகவும் இருக்கலாம், வேலையிடத்தில் அதிகாரம் உள்ளவனாகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தண்டிக்க 2017-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. போலீசில் புகார் செய்யுங்கள், அல்லது 15999 எண்ணில் தாலியான் காசேவைக் கூப்பிடுங்கள். பயத்தால் உயிரை விடலாமா என்ற எண்ணம் வந்தவர்கள் 03-76272929 எண்ணில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்போடு எந்த நேரமும் பேசலாம்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

"இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தா புள்ளைங்க கெட்டுப் போயிடும்" என்று தாய்மார் சொல்கிறார்கள். நாம் கேட்கிறோம்: சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் யாரிடம் கற்றுக்கொள்வார்கள்? போனில் வரும் அசிங்கப் படம் சொல்லும். தன்னைவிட ஒன்றும் தெரியாத கூட்டாளி சொல்வான். அந்த வாத்தியார்களைவிட நீங்கள் எவ்வளவோ மேல்.

கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டுப்பாடு உங்கள் வீட்டு முறை, அதை நீங்களே சொல்லிக் கொடுங்கள். ஆனால் அதோடு சேர்த்து ஒரு வார்த்தையும் சொல்லி வையுங்கள்: "என்ன நடந்தாலும் மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லு. அடிக்க மாட்டேன்." இந்த ஒரு வார்த்தை இருந்தால்தான் பிள்ளை முதல் நாளே வரும். அவசர மாத்திரைக்கு மூன்று முதல் ஐந்து நாள்தான் நேரம் என்று மேலே சொன்னோம் அல்லவா? பயந்து ஒளிந்துகொண்ட பிள்ளை மூன்றாம் மாதம்தான் வரும்.

ஆண்பிள்ளையைப் பெற்றவர்களும் இதில் தப்ப முடியாது. இந்தப் பேச்சு பெண்பிள்ளைக்கு மட்டும் என்று மகனை வெளியே அனுப்பிவிடுகிறோம். விந்து அவனுடையது, பொறுப்பில் பாதியும் அவனுடையதுதான். அப்பாமார்களே, கள்ளுக்கடையிலும் காப்பிக்கடையிலும் பேசும் பேச்சில் கால் மணி நேரத்தை மகனுக்கு ஒதுக்குங்கள்.

வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், இந்தப் பக்கத்தை வெட்டிக் காலண்டருக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். வேண்டியவர்கள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தாங்களே எடுத்துப் படித்துக்கொள்வார்கள்.